விதியும் வேடமும்: ஆரம்பகால வீடியோ விளையாட்டுக்களில் விண்வெளியும் இசையும்

விண்வெளியிலே ஓசை இல்லை. ஓசை பரவுதற்கு ஓர் ஊடகம் வேண்டும்; வெற்றிடத்தில் அவ்வூடகம் இல்லை. மணியொன்றைக் கண்ணாடிச் சாடியினுள் வைத்து வளியை வெளியேற்றிக் காட்டும் பாடசாலைப் பரிசோதனை மூலம் மாணவர் யாவரும் அறிந்துகொள்ளும் உண்மை இது. ஆயினும் 1970களின் இறுதியாண்டுகளில் யப்பானிலும் ஐக்கிய அமெரிக்காவிலும் நாணயமிட்டு ஆடப்பெற்ற விண்வெளி விளையாட்டுக்களை எடுத்து நோக்கின், அவற்றின் வானம் ஓயாத ஓசையால் நிறைந்திருந்தமை புலனாகும். முரசென அதிரும் தாழ்ந்த சுரங்கள், வெடியோசை, எச்சரிக்கை ஊதல் என்பன இல்லாத விண்வெளியை அவ்விளையாட்டுக்களிற் காண்பது அரிது. இம்முரண்பாட்டை எவ்வாறு விளங்கிக்கொள்வது?

இவ்வினாவுக்கு வழக்கமாக இருவகை விடைகள் கிடைக்கின்றன. விஞ்ஞானம் பயின்றோர் இதனை ஒரு பிழையெனக் குறித்துக்கொண்டு அப்பாற் செல்வர். கலையும் இலக்கியமும் பயின்றோரிற் பலர், வணிக நோக்கிற் பிறந்த பொழுதுபோக்குக் கருவிகளிடம் உண்மையையும் அழகையும் தேடுதல் வீண் என்று ஒதுக்கிவிடுவர். இரண்டும் விமர்சனத்துக்கு முன்னரே தீர்ப்பை எழுதிவிடும் போக்குகளாகும். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பல நாடுகளில் ஒரு தலைமுறையினரின் மனத்தில் விண்வெளியைப் பற்றிய சித்திரத்தைப் பதித்த சாதனங்களுள் இவ்விளையாட்டுக்களும் அடங்கும். வானியல் நூலைத் திறந்தறியாத சிறுவனும் இவற்றின் முன் நின்றிருக்கிறான். அவன் பெற்றுக்கொண்டது யாது என்பது அற்பமான கேள்வியன்று.

இவ்வாய்வுக்கு வேண்டிய வினாவொன்றைப் பழந்தமிழ்ப் பொருளிலக்கணத்தினின்றே பெற்றுக்கொள்ளலாம். தொல்காப்பியம் கருப்பொருள்களைத் தொகுத்துரைக்குமிடத்துத் தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள் என்பவற்றோடு பறையையும் தொழிலையும் யாழையும் சேர்த்தே கூறுகின்றது. ஒரு நிலத்துக்கு அதன் ஓசையும் உரியது என்பது இதன் கருத்து. நெய்தலுக்கு உரியதாகச் சொல்லப்படும் மீன்கோட்பறை என்னும் பெயர் இவ்விடத்து நோக்கற்பாலது. கடற்கரைக்கு வெளியிலிருந்து கொண்டுவந்து சூட்டப்பட்ட அலங்காரமன்று அது. அந்நிலத்து மக்களின் தொழிலோடு ஒட்டிப் பிறந்த ஓசை. இவ்விலக்கணத்தை அப்படியே இயந்திரக் கலையொன்றின்மீது ஏற்றிவிட முடியாது என்பது உண்மையே. ஆனால் அது எழுப்பும் வினா இங்கும் பொருந்தும். மக்கள் குடியிருந்து தொழில்செய்யாத விண்வெளிக்கு உரிய பறை எது? அவ்வோசை அங்கு நிகழும் செயலினின்று பிறக்கின்றதா, அன்றி வெளியிலிருந்து போர்த்தப்படுகின்றதா? இதே வினாவை விஞ்ஞானத்தைக் குறித்தும் கேட்கலாம். விண்வெளி இவ்விளையாட்டுக்களில் விதியாக வருகின்றதா, வேடமாக வருகின்றதா?

ஓசையற்ற தொடக்கம்

விண்வெளி விளையாட்டுக்களின் வரலாறு வணிகத்தில் தொடங்கவில்லை, ஆய்வுகூடத்திலே தொடங்கியது. 1962 இல் மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஸ்ரீவ் ரசலும் அவருடைய நண்பர்களும் பி.டி.பி.-1 என்னும் கணினியில் 'ஸ்பேஸ்வோர்' என்ற விளையாட்டை உருவாக்கினர். அக்கணினியின் விலை ஏறத்தாழ 1,20,000 டொலர். சோவியத் ஒன்றியம் 1957 இல் ஸ்புட்னிக்கையும் 1961 இல் யூரி ககாரினையும் விண்ணுக்கு அனுப்பியிருந்த காலம் அது. இளைஞர் கூட்டமொன்று விலையுயர்ந்த இயந்திரத்தின் ஓய்வுநேரத்தைத் தன் வசமாக்கி இரு விண்கலங்களை மோதவிட்டது, அக்காலத்து உணர்வின் இயல்பான வெளிப்பாடேயாகும்.

எனினும் 'ஸ்பேஸ்வோர்' வெறும் போர் விளையாட்டாக நின்றுவிடவில்லை. டான் எட்வேர்ட்ஸ் திரையின் நடுவே ஒரு நட்சத்திரத்தையும் அதன் ஈர்ப்பு விசையையும் சேர்த்தார். அதன்பின் விண்கலமொன்று அசையாது நிற்றல் இயலாததாயிற்று. நேராகச் செல்ல விரும்புபவன் நட்சத்திரத்தில் வீழ்ந்தழிவான். அதன் இழுவையைப் பயன்படுத்தி வளைந்து செல்லத் தெரிந்தவன் எதிரியை வெல்வான். இங்கே நியூற்றனின் விதி பின்னணியில் தொங்கும் படமாக அமையாது, ஆடுவோனின் ஒவ்வொரு முடிவையும் கட்டுப்படுத்தும் நியதியாக அமைகின்றது. பீற்றர் சம்சன் என்பவர், முதலிற் கண்டபடி இடப்பட்டிருந்த புள்ளிகளை நீக்கி, வானியற் பஞ்சாங்கத்தின்படி உண்மையான நட்சத்திரங்களை அவற்றின் ஒளிவேறுபாட்டுடன் திரையில் இட்டார். போரிடுவோருக்கு இதனால் யாதொரு பயனும் இல்லை. ஆயினும் பொய்யான வானத்தின் கீழ் விளையாட அவர்கள் உடன்படவில்லை என்பதை இச்செயல் காட்டுகின்றது.

இந்நேர்மைக்கும் எல்லை இருந்தது. விண்கலங்களை ஈர்க்கும் நட்சத்திரம் அவை ஏவும் ஏவுகணைகளை ஈர்க்கவில்லை. அத்தனை பொருள்களுக்கும் ஈர்ப்பைக் கணிக்கக் கணினிக்கு நேரம் போதவில்லை என்பதே காரணம். இயந்திரத்தின் இயலாமை விதிக்கு விலக்களித்த இந்நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. பின்வந்த விளையாட்டொன்றில் அதே இயலாமை வேறொரு விதமாகத் தொழிற்படக் காணலாம்.

இசையைப் பொறுத்தவரை 'ஸ்பேஸ்வோர்' மௌனமானது. இதே பீற்றர் சம்சன் பி.டி.பி.-1 கணினியில் நான்கு குரல்களில் இசையை ஒலிக்கச் செய்யும் செய்நிரலையும் எழுதியவர். நட்சத்திரத்தை இட்ட கையும் இசையை எழுதிய கையும் ஒன்றே. பயன்பட்ட இயந்திரமும் ஒன்றே. ஆயினும் அவையிரண்டும் அன்று ஒன்றுசேரவில்லை.

நாணயத்தின் நுழைவு

1971 இல் நோலன் புஷ்னெலும் ரெட் டாப்னியும் 'ஸ்பேஸ்வோர்' ஆட்டத்தைத் தழுவிக் 'கொம்பியூற்றர் ஸ்பேஸ்' என்ற நாணய விளையாட்டை ஆக்கினர். விற்பனைக்கெனத் தயாரிக்கப்பட்ட முதலாவது நாணய வீடியோ விளையாட்டு இதுவாகும். இதில் ஒரு விண்கலம் பறக்கும் தட்டுக்களோடு பொருதுகின்றது; உந்துபொறியின் இரைச்சலும் வெடியோசையும் கேட்கின்றன. நடுவிலிருந்த நட்சத்திரமும் அதன் ஈர்ப்பும் மறைந்துவிட்டன. ஆய்வுகூடத்தினின்று சந்தைக்கு வந்த வழியிலே ஓசை சேர்ந்தது, ஈர்ப்பு நீங்கியது. விதி வேடமாக மாறும் போக்கின் முதற்படி இதுவெனலாம்.

இப்போக்குக்கு மாறான மரபொன்றும் உடனிருந்தது. 1969 யூலையில் அப்பலோ 11 சந்திரனில் இறங்கிய சில மாதங்களில், மசாசுசெற்ஸ் மாநிலத்துப் பாடசாலை மாணவரொருவர் சந்திரனில் இறங்கும் விளையாட்டொன்றைக் கணினிக்கு எழுதினார். அதிற் படமும் இல்லை, ஓசையும் இல்லை; எண்கள் மாத்திரமே உண்டு. பத்துச் செக்கனுக்கொரு தடவை எவ்வளவு எரிபொருளை எரிப்பதென்று ஆடுவோன் தீர்மானிக்க வேண்டும். மிகையாக எரித்தால் எரிபொருள் தீர்ந்துவிடும். குறைவாக எரித்தால் கலம் தரையில் மோதிச் சிதறும். இங்கு பகைவரென்று எவருமில்லை. பூமியின் ஆறிலொரு பங்கான சந்திரனின் ஈர்ப்பே எதிர்நிற்பது.

இவ்வெண்ணம் 1973 இல் படவடிவம் பெற்று, 1979 இல் அற்றாரி நிறுவனத்தின் 'லூனர் லாண்டர்' என்னும் நாணய விளையாட்டாக வெளிவந்தது. இதில் நாணயம் வாங்கித் தருவது எரிபொருளை. ஈர்ப்பின் முன் மனிதனுக்குள்ள அவகாசமே விலைக்கு விற்கப்படும் பண்டமாயிற்று. இதிலுள்ள ஓசைகள் சிலவே. ஆனால் அவை யாவும் செயலோடு ஒட்டியவை. உந்துபொறியை இயக்கினால் இரைச்சல் எழும். எரிபொருள் குறைந்தால் எச்சரிக்கை ஒலிக்கும். மீன்கோட்பறையின் இலக்கணத்துக்கு மிக அண்மையில் நிற்பவை இவை. எனினும் சந்தை இதனைப் பெரிதும் விரும்பவில்லை. அதே ஆண்டில் அதே நிறுவனம் வெளியிட்ட 'அஸ்டரொயிட்ஸ்' என்ற சுடும் விளையாட்டுக்கு எழுந்த கேள்வி காரணமாக, 'லூனர் லாண்டர்' ஆட்டத்துக்கெனச் செய்யப்பட்ட பெட்டிகள் சிலவற்றில் 'அஸ்டரொயிட்ஸ்' வைத்து அனுப்பப்பட்டது. விதியை மட்டும் நம்பிய கலைப்படைப்பொன்றின் கூட்டுக்குள் வேறொன்று குடிபுகுந்த கதை இது.

நான்கு சுரங்கள்

விண்வெளி விளையாட்டுக்களின் இசையைப் பற்றிய எந்த ஆய்வும் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' என்னும் படைப்பைத் தவிர்த்துச் செல்ல இயலாது. 1978 இல் யப்பானின் தைத்தோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாதோ இதனை ஆக்கினார். வரிசைக்குப் பதினொருவராக ஐந்து வரிசைகளில் 55 வேற்றுலகினர் பக்கவாட்டில் அசைந்து படிப்படியாகக் கீழிறங்குவர். அவர்கள் தரையை அடையுமுன் ஆடுவோன் அவர்களைச் சுட்டு வீழ்த்த வேண்டும். விஞ்ஞான நோக்கில் இதிற் பேசுதற்கு ஏதுமில்லை. ஈர்ப்பு, சடத்துவம், தூரம் எதுவும் இங்கில்லை. எதிரிகள் ஏணிப்படியில் இறங்குவதுபோல இறங்குகின்றனர். விண்வெளி இங்கு முழுமையான வேடம்.

ஆனால் ஓசையை நோக்கின் நிலைமை முற்றிலும் வேறு. இறங்குமுகமான நான்கு தாழ்ந்த சுரங்கள் மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றன. தொடக்கத்தில் அவை மெதுவாக நடக்கின்றன. எதிரிகள் வீழ வீழ அவற்றின் இடைவெளி குறுகுகின்றது; எஞ்சியோர் சிலராகும்போது ஓட்டமாக மாறுகின்றது. ஆட்டம் முழுவதும் தொடர்ந்து ஒலிக்கும் பின்னணி இசைக்கு மிகப் பழைய சான்றாக இதனையே கூறுவது வழக்கம்.

இவ்விரைவு எவ்வாறு பிறந்தது என்பது முக்கியமானது. திரை செக்கனுக்கு ஏறத்தாழ 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றது. ஒவ்வொரு தடவையும் இன்டெல் 8080 நுண்செயலி ஓர் எதிரியை மாத்திரமே நகர்த்துகின்றது. ஆகவே 55 பேரும் உயிரோடிருக்கும்போது படை முழுவதும் ஓரடி எடுத்து வைக்க ஒரு செக்கனுக்குச் சற்றுக் குறைந்த நேரம் செல்லும். ஒருவனே எஞ்சும்போது அவன் ஒவ்வொரு தடவையும் நகர்வான். எதிரிகள் குறையக் குறைய வேகம் கூடியமை முதலில் எவரும் வேண்டிச் செய்ததன்று. அது இயந்திரத்தின் இயலாமையிற் பிறந்தது. நிஷிகாதோ அதனைக் கண்டு திருத்தாது விட்டார். சுரங்களின் இடைவெளியும் எஞ்சியோரின் தொகையைக் கொண்டே வரையறுக்கப்பட்டது.

'ஸ்பேஸ்வோர்' ஆட்டத்தில் விதிக்கு விலக்களித்த அதே இயலாமை, இங்கே புதியதொரு விதியைப் படைத்துவிட்டது. அவ்விதி வானியலுக்கு உரியதன்று. அந்த ஆட்டத்தின் உலகுக்கே உரியது. வெற்றியை நெருங்குந்தோறும் ஆபத்து விரைவாக நெருங்கும் என்பது அதன் சாரம். நான்கு சுரங்களும் இதனைச் சொல்லும் மொழியாகின்றன. பறை தொழிலினின்று பிறக்க வேண்டும் என்று கொண்டால், இங்கு தொழில் செய்வது இயந்திரம். அதன் தொழிலின் சுமைக்கேற்பவே பறை அதிர்கின்றது. உருவம் வேறு, உள்ளடக்கம் வேறு என்று பிரித்துக்காட்ட முடியாத நிலையே நற்கலையின் அடையாளம் எனின், அவ்வடையாளத்தை இவ்வெளிய விளையாட்டின் ஓசையிற் காணலாம். வெற்றிடத்தில் ஓசை கேட்பது பௌதிகவியலின்படி பிழையே. ஆயினும் அவ்வோசை வெற்றிடத்தில் ஒலிப்பதாகக் கொள்ளத் தேவையில்லை. அது ஒலிப்பது ஆடுவோனின் நெஞ்சினுள்.

ஓராண்டின் பின் வந்த 'அஸ்டரொயிட்ஸ்' இவ்விரு மரபுகளுக்கும் நடுவில் நிற்கின்றது. லைல் ரெயின்சும் எட் லொக்கும் உருவாக்கிய இவ்விளையாட்டில், உந்துபொறியை நிறுத்திய பின்னும் விண்கலம் தொடர்ந்து செல்லும். சடத்துவத்தை விரல்நுனியில் உணர்த்தும் இவ்வனுபவம் 'ஸ்பேஸ்வோர்' மரபின் எச்சம். எனினும் சிறிது தூரம் சென்றதும் கலம் தானாகவே வேகம் குறைந்துவிடும். வெற்றிடத்தில் உராய்வு ஏது என்ற கேள்விக்கு ஆட்டத்தின் வசதி என்பதைத் தவிர வேறு விடையில்லை. இதன் இசையோ இரண்டே சுரங்கள். நாடித்துடிப்பென ஒலிக்கும் அவை, கட்டம் முன்னேற முன்னேற விரைவுபெறுகின்றன. கருத்தைக் கவர்வது யாதெனில், விதியை ஓரளவு தளர்த்திய இடத்தைத் துடிப்பு நிரப்புகின்றது என்பதே. விதியின் அச்சம் குறையுமிடத்து ஓசையின் அச்சம் வேண்டப்படுகின்றது.

இரவல் இசை

1980களில் ஒலியை எழுப்பும் சில்லுகள் திறன்பெற்றன. நான்கு சுரங்களுக்குள் அடங்கி நிற்க வேண்டிய தேவை நீங்கியது. அப்போது எழுந்த கேள்வி, முழுமையான இசையைப் பெற்ற விண்வெளி அதனை எவ்விடத்திருந்து பெறும் என்பதாகும்.

இக்கேள்விக்குத் திரைப்படம் முன்னரே ஒரு விடை தந்திருந்தது. 1968 இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்ற படத்தை ஸ்ரான்லி குப்ரிக் நெறிப்படுத்தினார். அவருடன் இணைந்து திரைக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க் 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையை வாழிடமாகக் கொண்டவர். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகவும் விளங்கியவர். அப்படத்தில் வெற்றிடம் வெற்றிடமாகவே இருந்தது. வெளியே மிதக்கும் மனிதனைக் காட்டும்போது அவனது மூச்சொலி மட்டுமே கேட்டது. சுழலும் விண்வெளி நிலையத்தை ஓடம் அணுகும் காட்சிக்கு இளைய யோகான் ஸ்ரௌஸின் 'நீல டானியூப்' என்னும் நடன இசை அமைந்தது. அது விண்வெளியில் எழும் ஓசையென எவரும் மயங்கமாட்டார். சுழற்சியின் ஒழுங்குக்கு மனிதன் செலுத்தும் வணக்கம் அது.

1984 இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் 'எலீற்' என்ற விளையாட்டை வெளியிட்டனர். வணிகனாக விண்வெளியிற் பயணஞ்செய்யும் ஆடுவோன், சுழலும் நிலையத்தினுள் தன் கலத்தைச் செலுத்த வேண்டும். சுழற்சிக்கு ஏற்பத் தன்னையும் சுழற்றிக்கொள்ளாதவன் மோதி அழிவான். 1985 இல் கொமடோர் 64 கணினிக்கு வந்த பதிப்பில், இப்பணியைத் தானியங்கிக் கருவியிடம் ஒப்படைத்தால் 'நீல டானியூப்' ஒலிக்கும். குப்ரிக்கின் படத்துக்கான வணக்கமென்பது வெளிப்படை. ஆனால் அவ்விசை எப்போது ஒலிக்கின்றது என்பதே விமர்சகன் கவனிக்க வேண்டியது. ஆடுவோன் தானே உழைக்கும்போது இசை இல்லை. உழைப்பை இயந்திரத்திடம் கையளித்து ஓய்ந்திருக்கும்போதே இசை எழுகின்றது. உழைப்பின் பறைக்கு நேரெதிரான ஓய்வின் இசை இது. இரவலாயினும் இடமறிந்து வைத்த இரவல்.

1983 இல் கொனாமி நிறுவனம் வெளியிட்ட 'கைரஸ்' இதற்கு மாறான எடுத்துக்காட்டு. ஆடுவோன் நெப்தியூனில் தொடங்கி யுரேனஸ், சனி, வியாழன், செவ்வாய் வழியாகப் பூமியை நோக்கி வருகின்றான். பின்னணியில், பாஹ் இயற்றியதாகக் கொள்ளப்படும் டி-மைனர் தொக்காத்தா, விரைவான தாளத்தில் ஒலிக்கின்றது. கேட்போரைக் கிளர்ச்சியுறச் செய்யும் இசையமைப்பு இது என்பதில் ஐயமில்லை. கோள்களின் வரிசையும் சரியானதே. ஆனால் வியாழனின் ஈர்ப்புக்கும் செவ்வாயின் ஈர்ப்புக்கும் இங்கு வேறுபாடில்லை. அவை நிலையங்களின் பெயர்ப்பலகைகள் போன்றவை. வொயேஜர் 2 நெப்தியூனை அண்மித்தது 1989 ஓகத்திலேதான். 1983 இல் அக்கோள் எந்த விண்கலமும் சென்றறியாத உலகம். அறியப்படாத அவ்வுலகின் வியப்பை எழுப்பும் வாய்ப்பு விளையாட்டின் கையிலிருந்தது. அது பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு வியப்பை விட்டுவிட்டது. இசையும் அவ்வாறே. பேராலயத்து வாத்தியத்தின் கம்பீரத்தை அது கடன் பெற்றது. அக்கம்பீரத்துக்கு ஏதுவான செயலொன்றை ஆட்டத்தினுள் அமைக்கவில்லை. 1977 இல் வொயேஜர் கலங்களிலே வைத்தனுப்பப்பட்ட இசைத்தட்டிலும் பாஹின் ஆக்கங்கள் மூன்று உள்ளன. அங்கே அவ்விசை, கேட்போர் உளரோ என்றறியாது மனிதகுலம் அனுப்பிய ஓலை. 'கைரஸ்' ஆட்டத்தில் அது அழகிய போர்வை மாத்திரமே.

போர்முரசு பற்றிய கேள்வி

மேற்கூறிய மதிப்பீட்டுக்கு எதிராகப் பலமான வாதமொன்றை முன்வைக்கலாம். விதியாயினும் வேடமாயினும் இவ்விளையாட்டுக்களிற் பெரும்பாலானவை விண்வெளியைப் போர்க்களமாகவே காட்டின. இசை எவ்வளவு நயமாக அமைந்ததோ அவ்வளவுக்கு அது போர்முரசாகத் திறம்படத் தொழிற்பட்டது என்பது அவ்வாதம்.

இது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. 1983 மார்ச் 8 இல் அமெரிக்க சனாதிபதி ரொனால்ட் றேகன் புளோரிடாவில் இளைஞர் கூட்டமொன்றில் உரையாற்றியபோது, வீடியோ விளையாட்டுக்கள் சிறுவரின் கண்ணையும் கையையும் மூளையையும் ஒருங்கிணைக்கும் திறனை வளர்ப்பதாகப் பாராட்டி, அவர்கள் சிறந்த போர் விமானிகளாவர் என விமானப்படை நம்புவதாகக் கூறினார். அதே மாதம் 23 ஆம் திகதி, விண்வெளியையும் பாதுகாப்பு அரணாக்கும் திட்டத்தை அவர் அறிவித்தார். அதற்குப் பத்திரிகைகள் வழங்கிய பெயர் 1977 இல் வெளிவந்த 'ஸ்ரார் வோர்ஸ்' திரைப்படத்தின் பெயரே. சனரஞ்சகக் கலையும் அரசின் கொள்கையும் ஒரே சொல்லைப் பகிர்ந்துகொண்ட தருணம் அது.

'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' இவ்வகையில் இன்னுமொரு இழப்பையும் காட்டுகின்றது. நிஷிகாதோ தம் எதிரிகளின் உருவத்துக்கு எச். ஜி. வெல்ஸ் 1898 இல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' நாவலினின்றும் தூண்டுதல் பெற்றார். மனிதரைச் சுடுவதாக விளையாட்டு அமைதல் தகாதென்ற எண்ணமும் வேற்றுலகினரைத் தெரிவுசெய்யக் காரணமாயிற்று. வெல்ஸின் நாவலோ செவ்வாய் வாசிகளின் படையெடுப்பைக் கூறுமுன், தஸ்மேனியப் பழங்குடியினரை ஐரோப்பியர் அழித்தொழித்ததை வாசகருக்கு நினைவூட்டுவது. ஆக்கிரமிக்கப்பட்டோரின் அச்சத்தை ஆக்கிரமிப்பாளரின் தலைநகருக்குக் கொண்டுவந்ததே அந்நாவலின் வலிமை. விளையாட்டில் இந்நினைவு முற்றாக மறைந்துவிட்டது. எதிரி எதற்காக வருகின்றான், எவரை ஒத்தவன் என்ற கேள்விகள் அங்கு எழுவதில்லை. குடியேற்ற ஆட்சியை அனுபவித்த நாடுகளின் வாசகர்களுக்கு இவ்விழப்பு சிறிதாகத் தோன்றாது.

ஆயினும் அந்நான்கு சுரங்களைக் கூர்ந்து கேட்டால் அவை வெற்றி முழக்கமல்ல என்பதை உணரலாம். இவ்விளையாட்டை எவரும் முடிவாக வெல்ல முடியாது. ஒரு படை அழிந்தால் அடுத்த படை தோன்றும். ஆடுவோனின் தோல்வியிலேயே ஆட்டம் முடியும். சுரங்கள் இறங்குமுகமாகவே செல்கின்றன. படையினருக்கு ஊக்கமளிக்கும் இசை இவ்வாறு அமைவதில்லை. போரை விளையாட்டின் பொருளாக்கிய அதே படைப்பு, அப்போரின் அடியில் உறையும் அச்சத்தை மறைக்கவில்லை. இசை செயலினின்று பிறந்தமையாலேயே இந்நேர்மை அதற்கு வாய்த்தது. வெளியிலிருந்து இரவல் பெற்ற வீரகீதமொன்று அவ்விடத்தில் ஒலித்திருப்பின், அச்சம் வீரமாக வேடமிட்டிருக்கும். எதிர்வாதம் பொருளைக் குறித்துச் சொல்வது சரி. ஓசையைக் குறித்துச் சொல்வது முழுவதும் சரியன்று.

முடிவாக

வெற்றிடத்தில் ஓசையில்லை என்ற கூற்றையும் இன்று சிறிது திருத்திக் கூறவேண்டியுள்ளது. 2003 இல் சந்திரா விண்வெளித் தொலைநோக்கியின் மூலம், பேர்சியஸ் விண்மீன்கூட்டக் கொத்தின் நடுவிலுள்ள கருந்துளை, சூழவுள்ள வெப்பவாயுவில் அழுத்த அலைகளை எழுப்புவது கண்டறியப்பட்டது. அங்கே வாயுவென்னும் ஊடகம் உண்டு. ஓர் அதிர்வுக்கு ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டு செல்லும் அவ்வோசை எந்தச் செவிக்கும் எட்டாதது. 2022 இல் நாசா நிறுவனம் அதனை 57, 58 ஸ்தாயிகள் உயர்த்தி மனிதர் கேட்கும் வண்ணம் வெளியிட்டது. கருந்துளை பாடுகின்றது என்று அதனைப் பரப்பியோர் பலர். உயர்த்தப்பட்ட அளவைச் சொல்லாது ஓசையை மட்டும் கேட்பிப்பின், அது 'கைரஸ்' ஆட்டத்தின் கோள்களைப் போல வேடமாகிவிடும். அளவோடு சேர்த்துக் கேட்பிப்பின், அது விதியைச் செவிக்குக் கொணரும் மொழிபெயர்ப்பாகும்.

விண்வெளியைச் சனரஞ்சகமாக்கும் எக்கலையையும் அதன் பிழைகளை எண்ணி மதிப்பிடுவது போதாது. பிழையே இல்லாத பெயர்ப்பலகைகள் உள்ளன. பிழையாகிய நான்கு சுரங்களிலும் உண்மை உள்ளது. கேட்க வேண்டியது, அப்படைப்பின் உலகில் ஏதேனும் ஒரு விதி உண்மையாகவே ஆள்கின்றதா, ஓசை அவ்விதியினின்று பிறக்கின்றதா என்பதே. விஞ்ஞான பீடத்தாரும் கலைப்பீடத்தாரும் இவ்வினாவின் பாதிப்பாதியையே தனித்தனியே கேட்கவல்லர். ஒருவர் ஈர்ப்பை அறிவார். மற்றவர் பறையை அறிவார். 1962 இல் நட்சத்திரத்தை இட்ட கையும் இசையை எழுதிய கையும் ஒரே மனிதருடையனவாக இருந்தன என்பதை இருவரும் மறவாதிருத்தல் நன்று.